பைக்கின் என்டர்பிரைஸும் கிர்க்கின் என்டர்பிரைஸும் ஒரே கப்பல்தானா?

#1 துணைக்கோள்

வணக்கம் நண்பர்களே. ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளிக் கதைத் தொடர்களில் ஒன்றான டிஸ்கவரியின் இரண்டாம் பருவத்தை மறுபடியும் முதலிலிருந்து பார்த்து வருகிறேன். 2019-இல் வந்த 'இஃப் மெமரி சர்வ்ஸ்' அத்தியாயத்தில், முதல்முறை என்னை உறுத்திய அதே இடம் இந்த முறையும் உறுத்தியது. 1966-இல் தொடங்கிய மூலத் தொடருக்காக 1964-65-இல் எடுக்கப்பட்ட பைலட் (முன்னோட்ட) அத்தியாயமான 'தி கேஜ்'-இன் காட்சிகளை முன்கதையாகக் காட்டிவிட்டுத்தான் அது தொடங்குகிறது. ஜெஃப்ரி ஹன்டரின் முகம் நெருக்கத்தில் வருகிறது; அடுத்த கணமே அதே கேப்டன் பைக்காக, அதாவது மூலத் தொடரின் கேப்டன் கிர்க்குக்கு முன் என்டர்பிரைஸ் என்ற விண்கப்பலை நடத்தியவராக, ஆன்சன் மவுன்ட் திரையில் இருக்கிறார். டேலோஸ் கோளில் என்டர்பிரைஸ் அதிகாரி ஸ்பாக் தொட்டதும் பாட்டை நிறுத்தும் அந்த நீல இலைச் செடிகள்கூட அப்படியே திரும்பி வருகின்றன.

நடிகர் மாறியதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஹன்டர் 1969-லேயே மறைந்துவிட்டார்; அவருடைய இடத்தில் இன்னொருவர்தான் நின்றாக வேண்டும், மவுன்டும் அந்த இடத்துக்கு முழுத் தகுதியோடு நிற்கிறார். ஆனால் கப்பலுக்கு வயதாவதில்லை. பழைய என்டர்பிரைஸின் நீளம் 289 மீட்டர். டிஸ்கவரிக்காக வரையப்பட்ட என்டர்பிரைஸின் நீளம் ஏறத்தாழ 442 மீட்டர். இயந்திரக் குழல்களைத் தாங்கும் கால்கள் அன்று நேராக இருந்தன, இன்று பின்னோக்கிச் சாய்ந்திருக்கின்றன. இரண்டும் ஒரே கப்பல், ஒரே எண், ஒரே கேப்டன் என்று கதை சொல்கிறது. சொல்வதோடு நிற்காமல் பழைய படச்சுருளையே எடுத்துக் காட்டிச் சொல்கிறது.

இதை நாம் எப்படி எடுத்துக்கொள்வது? பழையது தவறா, புதியது தவறா, அல்லது தோற்றத்துக்கும் கேனனுக்கும் (கதையுலகின் அதிகாரபூர்வ உண்மைக்கும்) தொடர்பே இல்லை என்று கொள்ள வேண்டுமா? நெடுநாள் ரசிகர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

#2 மேடைவெளி

நல்ல கேள்வி. என் விடை எளிமையானது: தோற்றம் என்பது அரங்க அமைப்பு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒரு நாடகக் குழு திரைச்சீலையில் அரண்மனையை வரைகிறது. இன்னொரு குழு அதே நாடகத்துக்கு மரத்தூண்களை நிறுத்துகிறது. அரண்மனை மாறிவிட்டது என்று பார்வையாளர் யாரும் எழுந்து கேட்பதில்லை, ஏனென்றால் அரசனும் அவனுடைய துயரமும் மாறவில்லை.

1966-இல் அந்தத் தொடரைப் பார்த்தவர்களுக்கு அந்த பிரிட்ஜ், அதாவது கப்பலின் கட்டளை அறை, வருங்காலமாகத் தெரிந்தது. வண்ண விளக்குகளும் பளபளக்கும் பொத்தான்களும் அன்றைய கணினி அறைகளைவிட முன்னேறியவையாக இருந்தன. இன்று கையில் தொடுதிரையை வைத்திருப்பவருக்கு அதே பொத்தான்களைக் காட்டினால் அவர் காண்பது வருங்காலத்தை அல்ல, 1966-ஐ. மூலத் தொடர் பார்வையாளருக்கு ஊட்டிய உணர்வைக் காப்பாற்ற வேண்டுமானால் மூலத் தொடரின் பொருள்களை மாற்றித்தான் ஆக வேண்டும். 289-ஆ 442-ஆ என்ற கணக்கு எனக்கு முக்கியமாகத் தோன்றவில்லை. பைக் தன் எதிர்காலத்தை முன்கூட்டியே அறிந்துகொண்டும் கடமையைக் கைவிடாதவர் என்பது மாறினால்தான் தொடர்ச்சி அறுந்தது என்பேன்.

#3 பழையநாடா

மேடைவெளி அவர்களே, உங்கள் வாதத்தை நானும் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். அதைக் கைவிட்டதற்கு மூன்று அத்தியாயங்கள் காரணம். அவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1992-இல் வந்த 'ரெலிக்ஸ்' முதலாவது. ஆட்களை நொடியில் இடம் மாற்றும் டிரான்ஸ்போர்ட்டரில் உறைந்து 75 ஆண்டுகள் கழித்து மீட்கப்பட்ட, கிர்க்கின் பொறியாளர் ஸ்காட்டி, தனக்கு இடமில்லாத ஒரு காலத்தில் வந்து நிற்கிறார். ஹோலோடெக் என்ற மாயத்தோற்ற அறையில் தன் பழைய பிரிட்ஜைக் காட்டச் சொல்கிறார். கதவு திறக்கிறது, 1966-இன் பிரிட்ஜ் அப்படியே இருக்கிறது. தயாரிப்பாளர்களிடம் முழு அரங்கையும் கட்டப் பணம் இல்லாததால், ஒரு பகுதியை மட்டும் கட்டி, மீதிக்கு 1967-இன் 'திஸ் சைட் ஆஃப் பாரடைஸ்' அத்தியாயத்தில் ஆளில்லாத பிரிட்ஜைக் காட்டும் சில நொடிக் காட்சியை எடுத்து இணைத்தார்கள். அவ்வளவு சிரமப்பட்டு அதே நாற்காலியையும் அதே செந்நிறக் கைப்பிடியையும் கொண்டுவந்தது, அந்த முதியவரின் நினைவு பொய்யில்லை என்று காட்டுவதற்காகத்தான். அங்கே புதிய அரங்கை வைத்திருந்தால் அந்தக் காட்சிக்கு உயிரே இருந்திருக்காது.

1996-இல், தொடரின் 30-ஆம் ஆண்டையொட்டி, 'ட்ரையல்ஸ் அண்ட் ட்ரிபிள்-ஏஷன்ஸ்' அத்தியாயத்தில் பிற்காலத் தொடரான டீப் ஸ்பேஸ் நைனின் குழுவினர் 1967-இன் படச்சுருளுக்குள்ளேயே நுழைக்கப்பட்டார்கள். அங்கே ட்ரைக்கார்டர் என்ற ஆய்வுக் கருவியைக் கையில் எடுக்கும், அந்தக் குழுவின் டாக்ஸ், 23-ஆம் நூற்றாண்டின் வடிவமைப்பு என்று அதை ரசித்துப் பேசுகிறாள். கதாபாத்திரம் கண்ணால் கண்டு ரசித்துவிட்ட பிறகு, 'அது அரங்க அமைப்பு, உண்மையில் வேறு மாதிரி இருந்தது' என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

மூன்றாவது, 2005-இன் 'இன் எ மிரர், டார்க்லி'. அங்கே டிஃபையன்ட் என்ற கப்பலின் பிரிட்ஜை முழுதாகக் கட்டினார்கள். அதற்கு நூறாண்டு முற்பட்ட மனிதர்கள் அதனுள் நுழைந்து, தங்கள் கப்பலைவிடப் பன்மடங்கு முன்னேறியது என்று வாய்பிளந்து நிற்கிறார்கள். அந்தப் பொத்தான்களும் வண்ண விளக்குகளும் அகலத்திரையில், நல்ல ஒளியமைப்பில், சக்தி வாய்ந்தவையாகவே தெரிந்தன. ஆகவே 1966-இன் வடிவம் இன்றைய கண்ணுக்கு வருங்காலமாகத் தெரியவே தெரியாது என்ற கூற்றையும் நான் ஏற்க மாட்டேன்.

நாடகத் திரைச்சீலையை இன்னொரு குழு மாற்றலாம். ஆனால் ஒரே குழு, தான் வரைந்த அரண்மனையைக் கதாபாத்திரங்களின் வாயாலேயே மூன்று முறை வருணிக்க வைத்துவிட்டு, நான்காம் முறை வேறொன்றை நிறுத்தினால் பார்வையாளர் கேட்கத்தான் செய்வார்.

#4 அரைமில்லி

நான் மாதிரிக் கப்பல்கள் கட்டுபவன். அந்தக் கோணத்திலிருந்து சில செய்திகள்.

என்டர்பிரைஸை வடிவமைத்த மேட் ஜெஃப்ரீஸ் விமானத் துறையை நன்கு அறிந்தவர். ராக்கெட் கூடாது, பின்னால் நெருப்பு கக்கக் கூடாது என்று தொடரை உருவாக்கிய ராடன்பெரி சொல்லியிருந்தார். அதிலிருந்து ஜெஃப்ரீஸ் காரணங்களை அடுக்கிக்கொண்டே போனார். இயந்திரம் பேராற்றல் கொண்டது, ஆகையால் ஆபத்தானது. ஆகவே அது ஆட்கள் வாழும் பகுதியிலிருந்து விலகித் தனிக் குழல்களில் இருக்க வேண்டும். விண்வெளியில் வெளியே போய்ப் பழுது பார்ப்பது கடினம். ஆகவே கருவிகள் எல்லாம் உள்ளே இருக்க வேண்டும். ஆகவே வெளிப்புறம் வழவழப்பாக இருக்கும். தட்டும் உடலும் குழல்களும் சேர்ந்த அந்த உருவம் இப்படிப்பட்ட யோசனைகளின் விளைவு. கப்பலுக்குள் பொறியாளர்கள் தவழ்ந்து போகும் குழாய்க்கு ஜெஃப்ரீஸ் குழாய் என்று பின்னாளில் பெயர் வைத்தது அவருக்குச் செய்த நியாயமான மரியாதை.

படப்பிடிப்புக்குப் பயன்பட்ட பெரிய மாதிரியின் நீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். ஜன்னல்களுக்கு விளக்கு பொருத்தியபோது மின்கம்பிகளை இடது பக்கமாக வெளியே எடுத்தார்கள். அதனால் இடது பக்கத்துக்கு முழு வேலைப்பாடு செய்யவே இல்லை. கப்பல் பெரும்பாலும் வலது பக்கத்தைக் காட்டியபடியே பறப்பதற்குக் காரணம் இதுதான். இடது பக்கம் தெரிய வேண்டியபோது எழுத்துகளை இடவலமாகத் திருப்பி ஒட்டிப் படமெடுத்துப் பிறகு படத்தைத் திருப்பிய சந்தர்ப்பங்களும் உண்டு. அப்படியானால் 'உண்மையான' என்டர்பிரைஸின் இடது பக்கம் எது? அது ஒருபோதும் கட்டப்படவில்லை. நாம் அனைவரும் வலது பக்கத்தைப் பார்த்து மனத்துக்குள் கட்டிக்கொண்டது அது.

அந்த மாதிரி 1974 முதல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் வான்-விண்வெளி அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது. 1991-இல் அதைப் புதுப்பித்தபோது தட்டின் மேல் ஓடும் கட்டக் கோடுகளை அழுத்தமாகத் தீட்டிவிட்டார்கள். மூலத்தில் அவை பென்சிலால் போட்ட மெல்லிய கோடுகள். திரையில் தெரிவதே அரிது. அந்தக் கோடுகளின் அழுத்தத்தை வைத்து ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் வருந்தினார்கள். தட்டின் மேற்புறத்தில் மட்டும் அறுபதுகளின் மூல வண்ணம் கைபடாமல் பிழைத்திருந்தது. அதை அளவுகோலாக வைத்து 1967-ஆம் ஆண்டு நிலைக்குக் கொண்டுவந்து, 2016-இல் மறுபடியும் காட்சிக்கு வைத்தார்கள். ஒரு பென்சில் கோட்டுக்கு இத்தனை பாடா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வண்ணத்தைக் கலந்து கலந்து பார்த்து, சாம்பலா பச்சை கலந்த சாம்பலா என்று இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், அந்தக் கோடு அவ்வளவு பாட்டுக்கும் தகுதியானது என்றே சொல்வேன்.

#5 செவ்வாய்க்குறிஞ்சி

அரைமில்லி அண்ணா, இடது பக்கச் செய்தி எனக்குப் புதிது; மிக்க நன்றி. நான் கப்பலை விட்டு நெற்றிக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தத் தொடரின் மிகப் பழைய தோற்றச் சிக்கல் கிளிங்கான்கள் என்ற வேற்றுலகப் போர்வீர இனத்தின் நெற்றிதான்.

1967-இல் 'எரண்ட் ஆஃப் மெர்சி' அத்தியாயத்தில் அறிமுகமானபோது கிளிங்கான்களுக்கு வழுவழுப்பான நெற்றி. 1979-இன் முதல் திரைப்படத்தில் அவர்களுக்கு முகடுகள் முளைத்தன. பணம் வந்தது, ஒப்பனை வளர்ந்தது, ஆகவே அவர்கள் என்றுமே இப்படித்தான் இருந்தார்கள் என்று கொள்வோம் என்பதே பல ஆண்டுகள் ரசிகர்களிடையே நிலவிய அமைதி உடன்பாடு. 1994-இன் 'ப்ளட் ஓத்' அத்தியாயம் அந்த உடன்பாட்டுக்கு முத்திரை வைத்தது. கோர், கொலோத், காங் ஆகிய மூன்று பழைய கிளிங்கான்களும் திரும்பி வந்தார்கள். அதே மூன்று நடிகர்கள். ஆனால் மூவருக்கும் முகடுள்ள நெற்றி. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, பேச வேண்டிய தேவையும் எழவில்லை.

அதே டீப் ஸ்பேஸ் நைன் இரண்டே ஆண்டுகளில் பழையநாடா ஐயா குறிப்பிட்ட 1996 அத்தியாயத்தில், வழுவழுப்பான நெற்றியுள்ள கொலோத்தை 1967-இன் படச்சுருளிலிருந்தே எடுத்து நம் முன் நிறுத்தியது. ஒரே மனிதருக்கு ஒரே தொடரில் இரண்டு நெற்றிகள்! உடன் வந்தவர்கள் திகைத்து, குழுவிலிருக்கும் கிளிங்கானான வோர்ஃபைக் கேட்கிறார்கள். வெளியாரிடம் இதைப் பற்றிப் பேசுவதில்லை என்று சொல்லி அவன் வாயை மூடிக்கொள்கிறான். என் பார்வையில் இந்த நாற்பது ஆண்டுச் சிக்கலுக்குக் கிடைத்த மிகச் சிறந்த விடை அதுதான். ஓர் இனத்துக்குச் சொல்லத் தகாத அவமானம் ஒன்று இருக்கிறது என்று அந்த ஒற்றை வரி சொல்லிவிடுகிறது. முகத்தில் நகைப்பு எட்டிப்பார்க்கும் காட்சிதான். ஆனால் அதற்குள் ஒரு வரலாறு தெரிகிறது.

2005-இல் 'அஃப்ளிக்ஷன்', 'டைவர்ஜன்ஸ்' என்று இரண்டு அத்தியாயங்கள் எடுத்து, மனித மரபணு மேம்பாட்டைக் கிளிங்கான்கள் தங்களிடம் செய்து பார்த்ததால் பரவிய நோய் என்று காரணத்தை விளக்கினார்கள். விளக்கம் நேர்த்தியானது, ஓட்டையும் இல்லை. முகடுகளை இழந்தவர்கள் தங்கள் பிள்ளைகளும் இப்படித்தான் பிறப்பார்கள் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டியிருப்பதில் உண்மையான வேதனையும் இருக்கிறது. ஆயினும் வோர்ஃபின் மௌனம் இருந்த இடத்தில் இப்போது ஒரு மருத்துவக் குறிப்பு இருக்கிறது. அந்த இழப்பை நான் உணர்கிறேன். அதற்கும் பின்பு 2017-இல் டிஸ்கவரி கிளிங்கான்களை முடியே இல்லாத வேறோர் உருவமாக்கியது, இரண்டாம் பருவத்தில் முடியைத் திருப்பிக் கொடுத்தது, பைக்கின் என்டர்பிரைஸைப் பற்றிய ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் தொடர் மறுபடியும் பழைய முகடுகளுக்கே திரும்பியது. 2005-இன் கவனமான விளக்கத்துக்கு இந்த வரிசையில் இடமே இல்லாமல் போயிற்று.

#6 நெறியாளர்

2009 திரைப்படத்தின் என்டர்பிரைஸ் பற்றிய பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அந்தக் கப்பல் வேறாக இருப்பதற்கு, எதிர்காலத்திலிருந்து 2233-க்கு வந்த நீரோ என்பவனின் வருகையால் காலக்கோடு பிரிந்தது என்ற காரணத்தைக் கதையே தருகிறது. இந்த இழை, கதை காரணம் தராத மாற்றங்களைப் பற்றியது.

#7 இரட்டைஉயிர்

ஒரே ஒரு கேள்வி. 1991-இன் 'தி ஹோஸ்ட்' அத்தியாயத்தில், உடலுக்குள் இன்னோர் உயிரைச் சுமக்கும் ட்ரில் இனத்தவருக்கு நெற்றியிலும் மூக்கிலும் புடைப்பு இருந்தது. டிரான்ஸ்போர்ட்டரில் போனால் உள்ளிருக்கும் உயிருக்கு ஆபத்து என்றார்கள். 1993-இல் டீப் ஸ்பேஸ் நைனில் ட்ரில் இனத்தவளான ஜாட்சியா டாக்ஸ் வந்தபோது புடைப்பு இல்லை, கழுத்தோரம் புள்ளிகள் மட்டும் இருந்தன. ஏழு ஆண்டுகள் டிரான்ஸ்போர்ட்டரில் டாக்ஸ் போய்க்கொண்டே இருந்தாள். இதற்கு எந்தத் தொடரும் விளக்கம் தேடவில்லை, ரசிகர்களும் பெரிதாகப் போராடவில்லை. நெற்றியில் ஓர் இனம் மாறினால் நாற்பது ஆண்டு விவாதம், இன்னொன்று மாறினால் அமைதி. ஏன்?

#8 துணைக்கோள்

இரட்டைஉயிர் கேட்டது என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. எனக்குத் தோன்றுவது இது: 'தி ஹோஸ்ட்' காட்டிய ட்ரில் மனிதரை நாம் ஓர் அத்தியாயம்தான் அறிந்திருந்தோம், அவரைத் திரும்பப் பார்க்கவும் இல்லை. டாக்ஸோடு நாம் ஏழு ஆண்டுகள் வாழ்ந்தோம். புதிய உருவம் வேரூன்றிய பிறகு பழையதை யாரும் திரும்பக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் நிறுத்தவில்லை. கிளிங்கான்கள் விஷயத்திலும் என்டர்பிரைஸ் விஷயத்திலும் தயாரிப்பாளர்களே இரண்டு உருவங்களையும் ஒன்றாக நிறுத்தினார்கள். முதல் பதிவில் என்னை உறுத்தியதும் இதுவே என்று இப்போது தெளிகிறது. 'தி கேஜ்' காட்சிகளை அங்கே ஒட்டாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் இந்த இழையையே தொடங்கியிருக்க மாட்டேன்.

#9 அரைமில்லி

துணைக்கோள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கப்பலின் உருவத்தை அடியோடு மாற்றி, அந்த மாற்றத்தையே கதையாக்கிய படம் ஒன்று இந்தத் தொடரிலேயே இருக்கிறது: 1979-இன் முதல் திரைப்படம்.

அங்கே கப்பல் 305 மீட்டராக நீண்டது, குழல்கள் தட்டையாயின, தாங்கும் கால்கள் சாய்ந்தன, உடலெங்கும் முத்துப்போல் ஒளி மாறும் வண்ணம் வந்தது. பதினெட்டு மாதங்கள் பிரித்துக் கட்டினார்கள் என்று வசனத்திலேயே சொல்லிவிட்டார்கள். முக்கியமானது அதற்குப் பிறகு நடப்பது. கிர்க் தன் கப்பலிலேயே வழி தெரியாமல் நிற்கிறார். மின்தூக்கி எந்தப் பக்கம் என்று ஓர் இளம் பணியாளரைக் கேட்க வேண்டியிருக்கிறது. பின்னர் வார்ம்ஹோல் என்ற விண்வெளிச் சுரங்கவழியில் ஒரு விண்கல் எதிரே வரும்போது ஃபேசர் என்ற கதிர் ஆயுதத்தால் சுடச் சொல்கிறார். துணைத் தளபதி டெக்கர் அந்தக் கட்டளையை மறுத்துவிட்டு டார்பிடோவை ஏவச் சொல்கிறார். ஏனென்று தனியறையில் கடிந்து கேட்கும்போது, புதிய அமைப்பில் ஃபேசருக்கு ஆற்றல் முதன்மை இயந்திரத்தின் வழியாகத்தான் போகிறது, இயந்திரம் நிலைகுலைந்ததும் ஃபேசர் தானாகவே அணைந்துவிட்டது என்று டெக்கர் விளக்குகிறார். கிர்க்கின் கட்டளையை நிறைவேற்றியிருந்தால் அனைவரும் இறந்திருப்பார்கள். தன் கப்பலைத் தானே அறியாதவனாகிவிட்டோம் என்பதை அந்தக் கேப்டன் அந்த அறையில்தான் உணர்கிறார்.

நெருங்கிப் பாருங்கள், அந்தக் காட்சி முழுவதும் ஒரு வடிவமைப்பு மாற்றத்தின் மேல் கட்டப்பட்டது. ஜெஃப்ரீஸின் அடிப்படை மட்டும் அசையவில்லை: ஆபத்தான இயந்திரம் விலகியே இருக்கிறது, வெளிப்புறம் வழவழப்பாகவே இருக்கிறது. மாற்றத்துக்குக் கதைக்குள் ஒரு விலை இருந்தது, அதைக் கதாபாத்திரம் கொடுத்தது. அதனால்தான் அந்தக் கப்பலை என் தலைமுறை உடனே ஏற்றுக்கொண்டது.

#10 எண்தாங்கி

வடிவத்தைப் பற்றிப் பேசும்போது எண்களையும் பார்க்க வேண்டும். 1984-இன் மூன்றாவது திரைப்படத்துக்காகக் கட்டிய கிளிங்கான்களின் பேர்ட் ஆஃப் ப்ரே கப்பல் மாதிரியைப் பிற்காலத் தொடர்களில் தேவைக்கேற்பச் சிறிய வேவுக் கப்பலாகவும் பெரிய போர்க்கப்பலாகவும் காட்டினார்கள்; ஜன்னல் ஒன்றுகூட மாறாமல் அளவு மட்டும் மாறிக்கொண்டிருந்தது. ஐந்தாவது திரைப்படத்தில் என்டர்பிரைஸின் செங்குத்துத் தண்டில் 78-ஆம் தளம் வரை எண்கள் கடந்து போகின்றன. அவ்வளவு தளங்களுக்கு அந்தக் கப்பலில் இடமே கிடையாது, எண்கள் ஏறும் திசையும் தவறு.

இவற்றை நான் கவனக்குறைவு என்பேன், ஆனால் எல்லா எண் பிழையும் ஒரே வகை இல்லை. 1967-இன் 'தி டூம்ஸ்டே மெஷின்' அத்தியாயத்தில் சிதைந்து மிதக்கும் கான்ஸ்டலேஷன் என்ற கப்பலின் எண் 1017. கடையில் விற்ற பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டியை வாங்கி, எரித்தும் நொறுக்கியும் அந்தக் கப்பலை உருவாக்கினார்கள். பெட்டியில் வந்த ஒட்டெழுத்து என்டர்பிரைஸின் எண்ணான 1701 மட்டுமே. அதே நான்கு இலக்கங்களை இடம் மாற்றி 1017 ஆக்கினார்கள். 1700 வரிசையில் இருக்க வேண்டிய வகுப்புக்கு 1000 வரிசை எண் எப்படி வந்தது என்று நாங்கள் எத்தனையோ விளக்கங்கள் சமைத்திருக்கிறோம்: பழைய கப்பலைப் புதுப்பித்தார்கள், வேறு வகுப்பிலிருந்து மாற்றினார்கள் என்றெல்லாம். அந்த நான்கு இலக்கங்களை ஒட்டியவரின் அவசரத்தை எண்ணும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. அந்த எண் தவறென்று திருத்தப்பட்டால் வருந்துவேன்.

#11 மேடைவெளி

பழையநாடா காட்டிய மூன்று அத்தியாயங்களுக்கும் என்னிடம் நேரான மறுப்பு இல்லை. தோற்றம் வெறும் திரைச்சீலை என்று நான் சொன்னதைப் பின்வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கதைக்குள் காரணம் சொல்வதே தீர்வு என்ற திசையில் இழை போவதால் ஓர் எச்சரிக்கையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டிஸ்கவரியில் முழு உருவ ஹோலோ தொடர்பு சர்வசாதாரணமாக இருந்தது. அதற்கு நூறாண்டுக்கும் மேல் பிற்பட்ட டீப் ஸ்பேஸ் நைனில், 1997-இன் 'ஃபார் தி யூனிஃபார்ம்' அத்தியாயத்தில், அதுவே புதுக் கருவியாக அறிமுகமாகிறது. ரசிகர்கள் கேட்டார்கள். விளைவு, இரண்டாம் பருவத்தில் என்டர்பிரைஸில் கோளாறு வந்ததற்கு ஹோலோ அமைப்பே காரணம் என்று கண்டு, அதை முழுவதும் பிடுங்கி எறியும்படி பைக் சொல்கிறார். அந்த வசனம் பைக்கின் இயல்பிலிருந்து பிறக்கவில்லை; நம்மைப் போன்றவர்களின் புகாரிலிருந்து பிறந்தது. பார்க்கும்போதே தையல் தெரிகிறது.

இதற்கு நேர்மாறாக, 2023-இல் ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் ஒன்றைச் செய்தது. 1967-இன் 'ஸ்பேஸ் சீட்' மரபணுப் போர்கள் 1990-களில் நடந்ததாகச் சொன்னது. 1990-கள் போய்விட்டன, போர் நடக்கவில்லை. காலப்பயணிகளின் தலையீட்டால் அந்த நிகழ்வுகள் தள்ளிப்போய்விட்டன என்று சொன்னார்கள். அதைச் சொல்வது அந்தப் போர்களின் கொடுங்கோலனான கானைக் கொல்ல 1992-இல் வந்து, அவன் பிறக்காததால் முப்பது ஆண்டுகள் மனிதர்களிடையே சிக்கிக் காத்திருந்த ரோமுலன் என்ற வேற்றுலக இனத்தின் ஓர் உளவாளி. அவளுடைய சலிப்பும் ஆத்திரமும் அந்த விளக்கத்துக்கு உடல் கொடுக்கின்றன. ஒரே வேலையைத்தான் இரண்டு இடத்திலும் செய்தார்கள். ஒன்றில் ஒட்டுத்துணி தெரிகிறது, இன்னொன்றில் ஒரு பெண்ணின் முப்பது ஆண்டு வாழ்க்கை தெரிகிறது.

#12 செவ்வாய்க்குறிஞ்சி

மேடைவெளி அவர்கள் சொன்னதை முழு மனதோடு ஏற்கிறேன். அப்படியானால் கப்பலுக்கும் அதேபோல ஒரு கதை கொடுக்கலாமே? ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் 6 அத்தியாயங்கள் கொண்ட ஐந்தாம் பருவத்தோடு முடியும் என்று அறிவித்துவிட்டார்கள். கிர்க் பொறுப்பேற்கும் தறுவாயில் கப்பலைப் பிரித்துக் கட்டி 1966-இன் உருவத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்று காட்டினால் எல்லாம் பொருந்திவிடும் அல்லவா?

#13 பழையநாடா

தங்கையே, நானும் அதைத்தான் விரும்பினேன். ஆனால் ஆண்டுக்கணக்கு இடம் தரவில்லை. 'தி கேஜ்' நிகழ்வது 2254-இல். டிஸ்கவரி இரண்டாம் பருவம் 2257, ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் தொடங்குவது 2259, கிர்க்கின் பயணம் 2260-களின் நடுப்பகுதி. 2254-லேயே கப்பல் 1960-களின் உருவத்தில் இருந்ததைப் பைக்கின் கண்வழியாக நாம் பார்த்துவிட்டோம். எனவே 289 மீட்டர் கப்பல் மூன்றே ஆண்டில் 442 மீட்டராகி, பத்தாண்டுக்குள் மறுபடியும் 289 ஆகி, பிறகு 305 ஆக வேண்டும். எந்தக் கப்பல் கட்டும் துறையும் இதைச் செய்யாது. செய்தது என்று சொன்னால் ஜெஃப்ரீஸின் பொறியியல் ஒழுங்கு முழுவதும் கேலிக்குள்ளாகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2023-இல் வந்த பிக்கார்ட் தொடரின் மூன்றாம் பருவத்தில், கப்பல் அருங்காட்சியகத்தில் நிற்கும் கலங்களிடையே நியூ ஜெர்சி என்ற, என்டர்பிரைஸின் வகுப்பான கான்ஸ்டிடியூஷன் வகுப்புக் கப்பலும் நிற்கிறது, 1975 என்ற எண்ணோடு. அதன் உருவம் சந்தேகத்துக்கு இடமின்றி 1966-இன் உருவம். ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் தன் என்டர்பிரைஸைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டில், அதே நிறுவனத்தின் இன்னொரு தொடர் பழைய உருவத்தைக் கேனனாக நிறுத்தியது. இரண்டில் ஒன்றைத் தள்ளும் அதிகாரம் இப்போது யாரிடமும் இல்லை. அந்த அருங்காட்சியகக் காட்சியில் நியூ ஜெர்சி திரையில் வந்தபோது நான் நிறுத்திவிட்டு எழுந்து நின்றேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

#14 துணைக்கோள்

அப்படியானால் கதைக்குள் தீர்வு இல்லை என்றே ஏற்றுக்கொள்கிறேன். அது எனக்குத் தோல்வியாகத் தோன்றவில்லை. ஐந்தாம் பருவத்தில் அவர்கள் எந்தக் காரணத்தையும் சொல்ல வேண்டாம் என்பதே இப்போது என் விருப்பம். வோர்ஃப் வாயை மூடிக்கொண்டதைப் போல மூடிக்கொள்ளட்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்று: இனிமேல் பழைய படச்சுருளைக் கொண்டுவந்து இதுவும் அதுவும் ஒன்று என்று பக்கத்தில் ஒட்டாதிருக்க வேண்டும்.

அரைமில்லி அண்ணா, உங்களிடம் ஒரு கேள்வி. இரண்டு கப்பல்களையும் கட்டியிருக்கிறீர்களா? அலமாரியில் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

#15 அரைமில்லி

தம்பி, இரண்டையும் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் கட்டியிருக்கிறேன். பழையது 28.9 சென்டிமீட்டர், புதியது 44.2 சென்டிமீட்டர். முதலில் ஒரே தட்டில் அடுத்தடுத்து வைத்தேன். பழையது குழந்தையைப் போல ஆகிவிட்டது, பார்க்கப் பொறுக்கவில்லை. 'தி கேஜ்' கதையில் பைக் தன் பொறுப்பில் 203 உயிர்கள் இருப்பதாகச் சொல்வார். அந்தச் சிறிய கப்பலுக்குள் 203 பேர் நெருக்கியடித்து வாழ்ந்ததால்தான் அவருடைய களைப்பு எனக்கு நம்பும்படியாக இருந்தது.

இப்போது இரண்டையும் வேறு வேறு தட்டுகளில் வைத்திருக்கிறேன். பழையதை வலது பக்கம் தெரியும்படி திருப்பி வைத்திருக்கிறேன். அதன் இடது பக்கத்தில் ஜன்னல்கள் வைக்கவில்லை. வண்ணம் மட்டும் பூசிவிட்டு, கம்பி வெளியே வரும் இடத்தில் ஒரு சிறு துளை போட்டிருக்கிறேன். புதியதற்கு இரண்டு பக்கமும் ஜன்னல் உண்டு. அந்த வேலையை முடிக்க எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. படங்களை ஞாயிற்றுக்கிழமை இங்கே ஏற்றுகிறேன்.